பின்பக்கமாக நடக்காதீர்கள்

போர்ட் அகஸ்டாவைத் தாண்டிய பிறகு
ரேடியோவில் வந்ததெல்லாம் இரைச்சல்தான்.
ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரே ஒரு வளைவு.
அதையும் பெர்னிஸ் தூங்கித் தவறவிட்டாள்.
சாலையோரம் செத்துக் கிடந்த கங்காருக்களை எண்ணி வந்தேன்.
நாற்பத்தொன்றில் கணக்கு விட்டுப்போனது,
மூன்று பெட்டி கோத்த லாரி ஒன்று கடந்து
எங்கள் வேனை ஓரமாய் உதறியபோது.

ரேடியேட்டர் குழாய் வெடித்தது ஊர் எல்லையில்.
ஊர் என்றால்
ஒரு பெட்ரோல் பங்க்,
காசு போட்டால் தண்ணீர் தரும் குழாய்,
கண்ணுக்கெட்டியவரை வெள்ளைக் குவியல்கள்,
எறும்புகள் எதையோ பெரிதாகத் திட்டமிட்டுக்
கைவிட்டுப் போனதுபோல.
வீடுகளைக் காணோம்.
புகைபோக்கிகள் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

பலகை சொன்னது:
ஆழமான குழிகள். ஓடாதீர்கள்.
பின்பக்கமாக நடக்காதீர்கள்.
படத்தில் ஒருவன் தலைகீழாக விழுந்துகொண்டே இருந்தான்.
யாரோ அவனுக்குப் புன்னகை வரைந்திருந்தார்கள்.

"குழாய் பஸ்ஸில் வரும்" என்றான் மெக்கானிக் நெவில்.
"என்றைக்கு?"
"பஸ் வருகிற அன்றைக்கு."

வெஸ்னாவிடம் வாடகைக்கு அறை இருந்தது. படியிறங்கினோம்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே மண்பானைக்குள் நுழைந்த குளிர்ச்சி.
சுவரெங்கும் இயந்திரம் கீறிய வளையங்கள்.
சமையலறையில் ஒரு ஜன்னல்:
நீலச் சட்டம், பித்தளைக் கொக்கி,
எலுமிச்சம்பழம் அச்சடித்த திரை.
பெர்னிஸ் ஆசையாய் விலக்கினாள்.
பாறை.

"காலையில் திறப்பேன், ராத்திரி மூடுவேன்"
என்றாள் வெஸ்னா, உருளைக்கிழங்கு சீவியபடி.
"குரோஷியாவில் நீங்கள் பிறந்த வீட்டு ஜன்னலா?"
ஒரு கதையை மோப்பம் பிடித்துக் கேட்டேன்.
"குப்பைமேட்டில் கிடந்தது" என்றாள்.
"நெவிலுடைய மாமியார் தூக்கிப் போட்டது."

ஊருக்குள் ஓபல் தோண்டத் தடை.
அதனால் எல்லோரும் வீட்டை விஸ்தரிக்கிறார்கள்.
பக்கத்து வீட்டு ஃபோட்டிஸ் தனிக்கட்டை.
அவருக்குப் பதினோரு படுக்கையறைகள்.

ராத்திரி விளக்கை அணைத்தால்
கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று
விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.
பாறைக்குள் எங்கோ டொக், டொக்.
பெர்னிஸ் என் கையைப் பிடித்தாள்.
ஆறு மாதமாகப் பிடிக்காத கை.
நான் அசையவில்லை.

இரண்டாம் நாள் கோல்ஃப் பார்க்கப் போனோம்.
மைதானத்தில் ஒரு புல்கூட இல்லை.
கிளினிக் நர்ஸ் டெல்மா
பச்சைக் கம்பளத்துண்டு ஒன்றைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.
விரித்தாள், பந்தை வைத்தாள், அடித்தாள்,
சுருட்டிக்கொண்டு நடந்தாள்.
முதுகில் முப்பது நாற்பது ஈக்கள்
டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தன.

மூன்றாம் நாள், காபி கொதிக்கும் நேரம்,
எலுமிச்சைத் திரை ஒருமுறை மூச்சு விட்டது.
பிறகு சட்டத்துக்குள் உளிமுனை,
சரளை,
ஒரு கை நுழையும் ஓட்டை, தலை நுழையும் ஓட்டை,
மைதா மூட்டைக்குள் விழுந்தெழுந்த ஒரு முகம்.
"மன்னிக்கணும்" என்றார் ஃபோட்டிஸ்,
"குளியலறையை அகலப்படுத்துகிறேன்."

வெஸ்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தோம்.
எட்டி, சாய்ந்து,
அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.
ஒரு வாளி. ஈரத் துண்டு.
பல் உடைந்த சீப்பு. மஞ்சள் பல்பு.
நெடுநேரம் பார்த்தாள்,
கடலைப் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோல.
"இருபத்திரண்டு வருஷம்" என்றாள்.
பிறகு, "சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

அன்று மதியமே குழாய் வந்துவிட்டது.
வராமலிருந்தால் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது படம் எடுக்க நின்றேன்.
வெஸ்னா, ஃபோட்டிஸ், குன்றில் குடைந்த கதவு,
அதன் மேலே அத்தனை வானம்.
அடங்கவில்லை.
ஓரடி பின்வாங்கினேன். இன்னும் ஓரடி.
மூன்று குரல்கள் ஒன்றாகக் கத்தின.
பெர்னிஸுடையதுதான் மற்ற இரண்டையும்விட உரக்க.

படத்தில் வெஸ்னா பாதிதான் இருக்கிறாள்.
ஃபோட்டிஸின் ஒரு காது.
மற்றதெல்லாம் கதவு.